ஏழு நாள் ஆஸ்திரேலியா: சிட்னியா, மெல்பர்னா, கெய்ர்ன்ஸா, பெர்த்தா?

மதுரையிலிருந்து மச்சினன் வாட்ஸாப்பில் ஒரு பயணத் திட்டம் அனுப்பியிருந்தான். காலாண்டு விடுமுறையில் ஏழு நாள். முதல் இரண்டு நாள் சிட்னி, மூன்றாம் நாள் மெல்பர்ன், நான்காம் நாள் கிரேட் ஓஷன் ரோடு, ஐந்தாம் நாள் கெய்ர்ன்ஸ், ஆறாம் நாள் பவளத்திட்டு, ஏழாம் நாள் சிட்னி வந்து விமானம் ஏறுவது. கடைசியில், "நேரம் இருந்தால் உலுரு" என்று, நாட்டின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய பாறைக்கும் ஒரு வரி. வருகிறவர்கள் அவன், மனைவி, ஏழு வயது மகள், முழங்கால் வலியோடு என் மாமியார்.

நான் சிட்னியின் மேற்குப் பக்கம், வென்ட்வர்த்வில்லில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறேன். வருடத்துக்கு நாலு பேராவது இப்படி ஒரு திட்டத்தை அனுப்பி "எப்படி இருக்கு?" என்பார்கள். எல்லாத் திட்டத்திலும் ஒரே தப்பு. வரைபடத்தில் இந்த ஊர்களெல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரி தெரிகின்றன. சிட்னியிலிருந்து மெல்பர்ன் சாலை வழியாக ஏறக்குறைய 870 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரியைவிட அதிகம். சிட்னியிலிருந்து கெய்ர்ன்ஸுக்கு விமானத்தில் மூன்று மணி நேரம். சென்னையிலிருந்து டெல்லி போவதைவிடத் தூரம். பெர்த் இன்னும் மோசம். சிட்னியிலிருந்து பெர்த் பறக்கும் நேரத்தில் பெர்த்திலிருந்து சிங்கப்பூரே போய்விடலாம்.

விமானம் ஒன்றரை மணி நேரம்தானே என்பார்கள். அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய், ஏறி இறங்கி, பெட்டி எடுத்து, அடுத்த ஊரில் அறைக்குள் நுழைய ஆறு மணி நேரம் ஓடிவிடும். குழந்தையும் பெரியவரும் இருந்தால் அந்த நாளே போச்சு. மச்சினன் திட்டத்தில் இப்படி மூன்று பறப்பு. ஏழு நாளில் மூன்று நாள் பெட்டியோடு.

அதனால் "எதையெல்லாம் பார்க்கலாம்" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எந்த ஊரில் தங்கி அதைச் சுற்றிப் பார்ப்பது என்பதுதான் கேள்வி. அதற்கு எனக்குத் தெரிந்ததையும், மெல்பர்ன், கெய்ர்ன்ஸ், பெர்த்தில் இருக்கும் நண்பர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

## முதலில் பார்க்க வேண்டியவை

மாதம். இங்கே பருவம் தலைகீழ் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஜூலையில் மெல்பர்னுக்குப் பருத்திச் சட்டையோடு வந்து இறங்குகிறார்கள். இன்னொரு விஷயம், நாடு முழுவதும் ஒரே பருவம் இல்லை. மெல்பர்ன் குளிரில் நடுங்கும் ஜூலையில் கெய்ர்ன்ஸில் இதமான வெயில் அடிக்கும். மெல்பர்னில் எல்லோரும் கடற்கரையில் கிடக்கும் ஜனவரியில் கெய்ர்ன்ஸில் மழைக்காலம், சில வருடம் புயலும் உண்டு.

யார் வருகிறார்கள். முழங்கால், தள்ளுவண்டிக் குழந்தை, நீச்சல் தெரியாதவர், கப்பல் வாந்தி. இந்த நாலில் எது உங்கள் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

கார். நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சுற்றுலா வருகிறவர் ஆங்கிலத்தில் உள்ள இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்தே ஓட்டலாம். ஆனால் கார் சில ஊரில் வரம், சில ஊரில் சுமை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். வாடகைக் காரில் அதற்குத் தனிக் காசு.

கணக்கில் வராத செலவு. டிக்கெட்டும் அறை வாடகையும் எல்லோரும் போடும் கணக்கு. மிச்சத்தை ஒவ்வொரு ஊரிலும் சொல்கிறேன். பொதுவாக இருப்பவை: இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா ஆளுக்கு 200 டாலர் அளவில் ஆகும் (சிங்கப்பூர், மலேசியக் குடிமக்களுக்குச் செயலியிலேயே இருபது டாலர் அளவில் முடிந்துவிடும்). ஞாயிறும் பொது விடுமுறையும் பல உணவகங்களில் பத்து, பதினைந்து சதவீதம் கூடுதல். அட்டையில் கொடுத்தால் அதற்கும் கொஞ்சம். பள்ளி விடுமுறையில், அதிலும் கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரிக் கடைசி வரை, அறை வாடகை கண்ணைக் கட்டும்.

## சிட்னி

முதல் முறை வருகிறீர்கள், கார் ஓட்ட விருப்பமில்லை, வீட்டுப் பெரியவர் கூட இருக்கிறார் என்றால் சிட்னிதான். நான் இங்கே இருப்பதால் சொல்லவில்லை. பணம் கொடுத்துப் பார்க்கும் பெரிய பெரிய விஷயங்களை இங்கே சாதாரண ரயில், படகு டிக்கெட்டிலேயே பார்த்துவிடலாம், அதுதான் காரணம்.

ஓபல் என்பது இங்கத்திய போக்குவரத்து அட்டை. அது இல்லாவிட்டாலும் உங்கள் வங்கி அட்டையைத் தட்டினால் போதும். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் எடுக்காது என்று ஓர் உச்சவரம்பு உண்டு. வெள்ளி, சனி, ஞாயிறு அந்த வரம்பு மற்ற நாளில் பாதிதான். பத்து டாலரை ஒட்டி. அதற்குள் ரயில், பேருந்து, டிராம், படகு எல்லாம் அடக்கம். இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் காட்டூம்பா ரயிலும் அடக்கம். ஆகவே காட்டூம்பா இருக்கும் ப்ளூ மவுண்டன்ஸ் மலையை வெள்ளிக்கிழமைக்கு வையுங்கள். சனி, ஞாயிறும் அதே விலைதான், ஆனால் கூட்டம் அள்ளும். இதற்கே நூறு டாலருக்கு மேல் கொடுத்துச் சுற்றுலாப் பேருந்தில் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

அப்புறம் படகு. நகரத்துப் படகுத்துறையான சர்க்குலர் கீயில் துறைமுக உலா என்று விற்பார்கள். வேண்டாம். மான்லிக்குப் போகும் அரசுப் படகில் ஏறி வெளித்தளத்தில் நில்லுங்கள். ஓபரா ஹவுஸ் ஒரு பக்கம், 1932-இல் திறந்த பாலம் பின்னால், அரை மணி நேரத்தில் மான்லி. அதே துறையிலிருந்து தனியார் விரைவுப் படகும் மான்லிக்குப் போகிறது. அதன் கட்டணம் வேறு. பச்சையும் மஞ்சளுமான பெரிய படகு என்று பார்த்து ஏறுங்கள். பாலத்தின் வளைவில் ஏறுவதற்குச் சில நூறு டாலர். பாலத்தின் நடைபாதையில் நடந்து கடப்பதற்கு ஒன்றும் கிடையாது.

காட்டூம்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அம்மா முதல் முறை வந்தபோது அழைத்துப் போனேன். எக்கோ பாயின்டில் காலை ஒன்பதரை மணிக்கு நிற்கிறோம். மூன்று சகோதரிப் பாறைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை வேட்டி காயப்போட்ட மாதிரி மூடுபனி. கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா, "இதுக்காடா ரெண்டு மணி நேரம் ரயிலு?" என்றார். பக்கத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த உள்ளூர்ப் பெண்மணி எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, லியூராவுக்குப் போய் டீ குடித்துவிட்டுப் பதினொன்றரைக்கு வாருங்கள் என்றார். லியூரா ஒரு ரயில் நிறுத்தம் தள்ளி இருக்கும் சின்ன ஊர், கடைத்தெரு அழகாக இருக்கும். திரும்பி வந்தபோது பனி கீழிருந்து கிழிந்துகொண்டிருந்தது. முதலில் ஒரு பாறையின் உச்சி மட்டும், மிதக்கிற மாதிரி. அம்மா இன்றைக்கும் அதைத்தான் சொல்வார். மலைக்குப் போகும் நாளில் மதியத்துக்குப் பிறகு வேறு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். எக்கோ பாயின்ட் தளம் சாலையை ஒட்டி இருக்கிறது, படி இல்லை, முழங்காலுக்குப் பயமில்லை. சீனிக் வேர்ல்டில் 52 பாகைச் சரிவில் இறங்கும் ரயில் குழந்தைகளுக்குப் பிடிக்கும், டிக்கெட் மலிவில்லை.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் விருந்தாளி வந்தால் போகும் வழி ஒன்று உண்டு, அது எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் வராது. கார் வைத்திருக்கும் உறவினர் இருந்தால் வார இறுதியில் ஹெலன்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயில், அங்கே உணவகத்தில் தோசை, அதே ஊரில் சிம்பயோ விலங்குப் பூங்காவில் கங்காருவுக்குத் தீனி, பிறகு பால்ட் ஹில் மேட்டிலிருந்து கடலைப் பார்த்துவிட்டு, செங்குத்துப் பாறையை ஒட்டிக் கடல் மேல் வளைந்து போகும் சீ கிளிஃப் பாலம். ஒரே நாளில் முடியும். மாமியார் மாதிரி ஆட்களுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது.

எங்கே கடிக்கும்? விமான நிலைய ரயிலில் முதல் கடி. வழக்கமான கட்டணத்துக்கு மேல் அந்த நிலையத்துக்கு என்று ஆளுக்கு 17 டாலருக்கு மேல் எடுக்கும், உச்சவரம்பும் அதைத் தடுக்காது. ஒருவர் மட்டும் என்றால், பெட்டி சின்னது என்றால், 420 எண் பேருந்தில் மாஸ்கட் நிலையம் வரை வந்து அங்கே ரயில் ஏறலாம். அங்கே அந்தக் கூடுதல் கட்டணம் இல்லை. நாலு பேர் என்றால் டாக்சியே மேல். அடுத்து, வாடகைக் கார் எடுத்தால் சுங்கச்சாலை. எங்கும் காசு வாங்கும் சாவடி கிடையாது, கேமரா படம் பிடித்துக்கொள்ளும். ஊர் போன பிறகு வாடகை நிறுவனம் சுங்கத்தோடு தன் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து எடுக்கும். நகரத்துக்குள் கார் நிறுத்தவும் தனி அழுகை.

மூன்றாவது கடியைச் சொன்னால் உறவினர்கள் கோபிப்பார்கள். உறவுக்காரர் வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம்தான். ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டில் சாப்பாட்டு அழைப்பு. "இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க வீட்டுக்கு வராமப் போறதா?" ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் நாலரைக்கே நகரத்திலிருந்து கிளம்ப வேண்டும். ஏழு நாளில் ஐந்து சூரிய அஸ்தமனத்தை யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் பார்த்துவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். முதல் நாலு நாள் நகரத்துக்குள் அறை, கடைசி இரண்டு நாள் உறவினர் வீடு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

## மெல்பர்ன்

மெல்பர்னை நகரமாக மட்டும் எடுத்தால், வந்து பார்த்துப் போகிறவருக்குச் சிட்னிக்கு ஒரு படி கீழேதான். அங்கே குடியிருப்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். காபி, சந்து, கிரிக்கெட் மைதானம் என்று ஆரம்பிப்பார்கள். ஆனால் நகரத்துக்கு வெளியே என்று பார்த்தால் மெல்பர்னை அடிக்க முடியாது. கார் ஓட்டத் தயங்காத ஆள் ஒருவர் இருந்தால், கூடவே ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் குழந்தை இருந்தால், மெல்பர்ன்.

முதலில் கிரேட் ஓஷன் ரோடு. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை, செத்துப்போன தோழர்கள் நினைவாக வெட்டிய சாலை. டோர்க்கியில் தொடங்கிச் சுமார் 240 கிலோமீட்டர். எல்லோரும் பார்க்கப் போவது பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்ற கடல் பாறைகளை. அவை பன்னிரண்டு இல்லை, எப்போதும் இருந்ததும் இல்லை. 2005-இல் ஒன்று பொலபொலவென்று சரிந்து விழுந்தது. கொஞ்சம் தள்ளி லண்டன் பாலம் என்ற பாறை வளைவு 1990-இல் கரைப்பக்கம் இடிந்து, அந்த நேரம் அதன் மேல் இருந்த இரண்டு பேர் கடல் நடுவில் மாட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள்.

இதை ஒரு நாளில் போய்வரலாம் என்று எல்லா ஏஜென்டும் சொல்வார்கள். போகலாம், பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் பேருந்தில் உட்கார முடிந்தால். மெல்பர்ன் நண்பர் சொல்லும் வழி வேறு: போகும்போது கடலோரமாகப் போங்கள். இடப்பக்கம் ஓட்டுவதால் மேற்கு நோக்கிப் போகையில் கடல் உங்கள் பக்கமே இருக்கும், வண்டியை ஒதுக்கி நிறுத்தவும் எளிது. கென்னட் ரிவரில் இறங்கி யூகலிப்டஸ் மரக் கவைகளைப் பாருங்கள், காட்டுக் கோலா தூங்கிக்கொண்டிருக்கும். அப்பல்லோ பேயிலோ போர்ட் கேம்பெல்லிலோ ஒரு இரவு தங்குங்கள். நடுப்பகலில் பேருந்துக் கூட்டம் அப்பிக்கொள்ளும் அதே பாறைகளைச் சாயங்காலமும் விடிகாலையும் நீங்கள் நிம்மதியாகப் பார்க்கலாம். திரும்பும்போது கோலாக் வழியாக உள்சாலை, மூன்று மணி நேரத்தில் மெல்பர்ன்.

இருட்டில் மட்டும் கிராமச் சாலையில் ஓட்டாதீர்கள். அந்தி மயங்கும் நேரம்தான் கங்காருகள் மேய வரும். இடித்தால் கங்காருவும் காலி, வண்டியும் காலி, காப்பீட்டில் நீங்கள் கட்ட வேண்டிய முதல் தொகையும் காலி.

இரண்டாவது, பிலிப் தீவுப் பென்குவின். மெல்பர்னிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழம்கூட உயரமில்லாத பென்குவின்கள் இருட்டியதும் கடலிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கரையேறி வளைக்குப் போகும். நடக்கும், தயங்கும், ஏதோ பயத்தில் எல்லாமே மறுபடி கடலுக்குள் ஓடும், திரும்ப வரும். படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் மக்கள் உண்மையாகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடையில் இருட்டவே ஒன்பது மணி ஆகும். பார்த்துவிட்டு மெல்பர்ன் வந்து சேர நடுராத்திரி. செப்டம்பரில் ஆறரை மணிக்கே நடந்துவிடும். எந்த மாதமானாலும் காற்று எலும்பில் இறங்கும். போர்வையோடு போனால் சிரிக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களும் போர்வையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

இது போக, டாண்டனாங் மலைக்காட்டில் பஃப்பிங் பில்லி நீராவி ரயில். ஜன்னல் திட்டில் உட்கார்ந்து கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போகலாம். மெல்பர்ன் மிருகக்காட்சி சாலையில் வார இறுதியில் பிள்ளைகளுக்கு இலவசம். நகர மையத்தில் டிராமுக்கும் காசில்லை. குயின் விக்டோரியா சந்தை திங்களும் புதனும் மூடியிருக்கும், கவனம்.

விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது, பேருந்துதான். அதைவிடப் பெரிய பொறி, மெல்பர்னுக்கு இரண்டு விமான நிலையங்கள் இருப்பது. மலிவு டிக்கெட் சில நேரம் அவலானில் இறக்கும். அது ஜீலாங் பக்கம், நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நானே ஒருமுறை கவனிக்காமல் எடுத்து, மிச்சம் பிடித்த காசை டாக்சிக்குக் கொடுத்தேன். ஆனால் நேராக கிரேட் ஓஷன் ரோடு போகிறவருக்கு அவலான்தான் வசதி.

## கெய்ர்ன்ஸ்

பவளத்திட்டுக்காகவே வருகிறவர்களுக்கு மட்டும். ஊரில் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. கெய்ர்ன்ஸ் நகரத்தில் குளிக்கிற மாதிரிக் கடற்கரைகூட இல்லை, சேறும் முதலைப் பயமும்தான். அதற்குப் பதில் கடலோரத்தில் பெரிய உப்புநீர்க் குளம் ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள், இலவசம்.

பெரிய படகில் வெளித்திட்டுக்குப் போய்வர ஆளுக்கு 200 முதல் 300 டாலர், மேலே சின்னதாக ஓர் அரசுக் கட்டணம். போக ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். நீச்சல் தெரியாதவர் இருந்தால் மிதவைத் தளம் உள்ள படகைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி அடிப்படகில் உட்கார்ந்தே பவளம் பார்க்கலாம். தாமிரபரணியில் முட்டளவுக்கு மேல் இறங்காத என் அப்பா, அந்தக் கண்ணாடி வழியாக ஓர் ஆமை போவதைப் பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்கும் படகைவிட்டு இறங்க மறுத்தார்.

காற்றடிக்கும் நாளில் படகு ஆடும் ஆட்டம் தனி. ஏறிய பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், இட்லி அளவுக்கு மேல் சாப்பிடவும் கூடாது. அங்கே வேலை பார்த்த நண்பர் சொன்னது: பெரியவர், சின்னக் குழந்தை இருந்தால் வெளித்திட்டை விட்டுவிட்டு முக்கால் மணி நேரத்தில் போகும் கிரீன் தீவுக்குப் போங்கள். பவளம் அவ்வளவு பளிச்சென்று இருக்காது, ஆனால் மணலில் உட்காரலாம், நிழலும் உண்டு.

மாதம்தான் இங்கே எல்லாம். ஜூனிலிருந்து அக்டோபர் வரை நல்லது, செப்டம்பரும் அக்டோபரும் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும். நவம்பரிலிருந்து மே வரை விஷச் சொறிமுட்டைக் (ஜெல்லி மீன்) காலம், உடம்பு முழுக்க மூடும் உடை போட்டுத்தான் இறங்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை. 2023 டிசம்பரில் ஜாஸ்பர் புயலில் அந்தப் பக்கமே வெள்ளத்தில் மூழ்கியது. காற்று பலமாக இருந்தால் படகு ரத்தாகும், அதனால் படகை முதல் நாளுக்கே வையுங்கள், தள்ளிப்போட இடம் இருக்கும். சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்குகிறவர் அடுத்த 24 மணி நேரம் விமானம் ஏறாமல் இருப்பது நல்லது என்பதற்கும் இதே ஏற்பாடு உதவும்.

பவளம் வெளுத்துவிட்டதாமே என்று கேட்பார்கள். 2016-இலிருந்து பல முறை பெரிய அளவில் வெளுத்திருக்கிறது, உண்மை. ஆனால் திட்டு 2,300 கிலோமீட்டர் நீளம். எல்லா இடமும் ஒரே நிலையில் இல்லை. பார்க்க இன்னும் நிறையவே இருக்கிறது. மிச்ச நாளுக்குக் குராண்டா மலை ரயில், டெயின்ட்ரீ மழைக்காடு. சாப்பாட்டுக்கு நம் கடைகள் குறைவு. அடுப்படி உள்ள அறையாக எடுங்கள்.

## பெர்த்

யாரும் கேட்காத ஊர். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு ஐந்து நாள்தான் லீவு என்றால் நான் முதலில் சொல்வது இதைத்தான். சிங்கப்பூரிலிருந்து ஐந்து மணி நேரம், கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம், இரண்டும் ஒரே நேரம். சென்னையிலிருந்து வந்தாலும் இரண்டரை மணி நேர வித்தியாசம்தான்; சிட்னியில் அது நாலரை, கோடையில் ஐந்தரை. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு 2022-இல் ரயில் வந்துவிட்டது, சிட்னி மாதிரிக் கூடுதல் தண்டமில்லை.

ஃபிரிமேன்டிலிலிருந்து அரை மணி நேரப் படகில் ராட்னெஸ்ட் தீவு. தனியார் கார் இல்லாத தீவு, சைக்கிளும் பேருந்தும்தான். அங்கே குவாக்கா என்று பூனை அளவு விலங்கு, எப்போதும் சிரிக்கிற மாதிரி முகம். தொடவோ தீனி போடவோ கூடாது, அபராதம் உண்டு. ஆனால் அதுவாக வந்து உங்கள் பையை முகரும். காலைப் படகிலேயே போங்கள். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும். உள்ளூர்க்காரர்கள் அதை 'ஃபிரிமேன்டில் டாக்டர்' என்பார்கள். வெயிலில் வெந்தவருக்கு வைத்தியர், சைக்கிள் மிதிப்பவருக்கு எதிரி.

மெரினாவில் சூரியன் கடலிலிருந்து எழுவதையே பார்த்து வளர்ந்தவர்கள் ஒரு சாயங்காலம் கொட்டஸ்லோ கடற்கரையில் உட்காருங்கள். கடல் அதே இந்தியப் பெருங்கடல், சூரியன் மட்டும் இறங்கும்.

குறை என்ன? ஓபரா ஹவுஸ் இல்லை, ஊருக்குத் திரும்பிப் படம் காட்டினால் "இது எங்கே?" என்பார்கள். பினக்கிள்ஸ் பாலைவனம் மாதிரி இடங்களுக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் வெயில் 40 பாகையைத் தொடும். செப்டம்பரில் போனால் கிங்ஸ் பார்க்கில் காட்டுப்பூக்கள்.

## டாஸ்மேனியா, உலுரு

டாஸ்மேனியா இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு. மெல்பர்னிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்தான், ஆனால் கார் இல்லாமல் நகர முடியாது, ஐந்து நாளுக்குக் குறைந்தால் அவசரம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்லது. அப்போது கார் கிடைப்பதுதான் கஷ்டம். சனிக்கிழமை ஹோபார்ட்டில் இருக்கிற மாதிரி வையுங்கள், சலமாங்கா சந்தைக்காக.

உலுரு ஏழு நாளில் வேண்டாம். அந்த ஒரு பாறைக்குப் போய்த் திரும்ப இரண்டு விமானம், தங்க யுலாராவில் இருக்கும் ஒரே விடுதி வளாகம், அது சொல்வதுதான் விலை. பாறை மேல் ஏறுவதும் 2019 அக்டோபரோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அது அந்த மண்ணின் அனங்கு மக்களுக்குப் புனிதமான இடம். சுற்றி நடக்க பத்து கிலோமீட்டர். பத்து நாள் இருந்தால் பேசலாம்.

## ஒரு பார்வையில்

| ஊர் | நல்ல மாதம் | கார் | யாருக்கு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| சிட்னி | செப்டம்பர்–நவம்பர், மார்ச்–மே | வேண்டாம் | முதல் முறை, பெரியவர்கள் | விமான நிலைய ரயில், சுங்கச்சாலை |
| மெல்பர்ன் | நவம்பர்–ஏப்ரல் | கட்டாயம் மாதிரி | குழந்தையோடு, ஓட்டத் தெரிந்தவர் | கார், வெளியூர்த் தங்கல், கம்பளி |
| கெய்ர்ன்ஸ் | ஜூன்–அக்டோபர் | விருப்பம் | கடல் பிடித்தவர் | படகு ஆளுக்கு 200–300 டாலர் |
| பெர்த் | செப்டம்பர்–நவம்பர், மார்ச்–ஏப்ரல் | பாதி நாட்களுக்கு மட்டும் | ஐந்து நாள் லீவு, சிங்கப்பூர் வழி வருகிறவர் | தீவுப் படகு |
| டாஸ்மேனியா | டிசம்பர்–மார்ச் | கட்டாயம் | இரண்டாம் முறை | கார் வாடகை |

## மச்சினனுக்குச் சொன்னது

அவன் வருவது செப்டம்பர் கடைசி. மாதத்தை மட்டும் பார்த்தால் கெய்ர்ன்ஸ். மாமியாரின் முழங்காலைப் பார்த்தால் சிட்னி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் மகள் ஒரு நாள் தொலைபேசியை வாங்கி, "மாமா, பென்குவின் வீட்டுக்கு நடந்தே போகுமாமே, அதைக் காட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டது என் காதில் விழுந்தது போதாதென்று, அவள் அத்தை காதிலும் விழுந்துவிட்டது.

ஆக, சிட்னியில் இறங்கி நாலு நாள், மெல்பர்னில் மூன்று நாள், ஊருக்கு மெல்பர்னிலிருந்தே விமானம். வருவது ஓர் ஊர், போவது இன்னோர் ஊர் என்று ஒரே டிக்கெட்டாக எடுத்தால் விலை பெரும்பாலும் ஒன்றுதான், திரும்பி வரும் பறப்பு ஒன்று மிச்சம். வியாழன் வந்து இறங்கினால் வெள்ளி மலை, சனி படகு, ஞாயிறு ஹெலன்ஸ்பர்க் கோயில். மூன்றும் மலிவு நாள். கிரேட் ஓஷன் ரோடு கிடையாது. பவளத்திட்டும் கிடையாது. அவனுக்கு வருத்தம்தான்.

நேற்று ராத்திரி மச்சினனிடமிருந்து இன்னொரு செய்தி: "மாமா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ரெண்டு கிலோ கொண்டு வரட்டா?"

கூடாது. இந்தியாவிலிருந்து பால் இனிப்பு எதற்கும் இங்கே அனுமதி இல்லை, கறிவேப்பிலைக்கும் இல்லை. மசாலா, ஊறுகாய் எது கொண்டு வந்தாலும் விமானத்தில் கொடுக்கும் அட்டையில் 'ஆம்' என்று டிக் போடச் சொன்னேன். காட்டினால் அதிகபட்சம் எடுத்து வைத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம் ஆயிரக்கணக்கில். பதிலுக்கு ஓர் அழுகை முகம் அனுப்பியிருக்கிறான். மாமியார் பெட்டியை மட்டும் இன்னொரு முறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.